பொதிகை மலைக் காட்டின் கூம்பு மரம்: நகேயா பேரினத்தின் பெயர்களும் வகைப்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகேயா என்பது என்ன?

பைன், சைப்ரஸ், அரௌகேரியா எல்லாம் அடங்கிய கூம்புத்தாவரங்களில் போடோகார்பேசி என்றொரு குடும்பம் உண்டு. அதிலுள்ள சின்னப் பேரினம் நகேயா. 5 சிற்றினங்கள் என்பவர்களும் உண்டு, 7 என்பவர்களும் உண்டு. ஜப்பான், தைவான், தென் சீனாவில் தொடங்கி இந்தோசீனா, மலாய் தீபகற்பம், போர்னியோ வழியாக நியூகினி வரை இவை வளர்கின்றன. மேற்கே இந்தப் பேரினத்தின் எல்லை நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி. இங்கே இருப்பது ஒரே சிற்றினம்: நகேயா வாலிச்சியானா.

அதில் நமக்கு என்ன அக்கறை?

தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத்தாவரம் இதுதான். கொடைக்கானல் பைன் காட்டில் படம் எடுக்காதவர் குறைவு. ஆனால் அது நட்டு வளர்த்த காடு. பைன் நம் மலைக்கு வெளியூர் மரம். ஊட்டி சைப்ரஸும் அப்படித்தான். வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கும் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்ற அரௌகேரியாவும் கப்பலேறி வந்ததுதான். இலங்கையில் சொந்தக் கூம்புத்தாவரமே கிடையாது. அகத்தியமலைத் தொடரின் ஈரமான பசுமைமாறாக் காடுகளிலும், கேரளப் பக்கம் பெரியாறு, கவி பகுதிகளிலும் நிற்கும் நகேயா மட்டும்தான் இங்கேயே பிறந்தது. வடகிழக்கு இந்தியாவிலும் இந்த மரம் உண்டு. நடுவில் இத்தனை தூரத்துக்கு எங்குமே இல்லை.

இலை அகலமாக இருக்கிறதே, ஊசி இலை இல்லையே. இது எப்படிக் கூம்புத்தாவரம்?

நேரில் பார்க்கிற எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம். இலை ஒரு சாண் நீளத்துக்குக் கிட்டே வரும்; தோல் மாதிரி தடித்து, பளபளவென்று இருக்கும். பார்த்தால் ஏதோ புன்னை வகை என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடு நரம்பு இருக்காது. காம்பிலிருந்து நுனி வரை மெல்லிய நரம்புகள் பல, ஒன்றையொன்று தொடாமல் இணையாக ஓடும், வலைப்பின்னலே கிடையாது. இலைகள் கிளையில் எதிரெதிராகவோ ஏறக்குறைய எதிரெதிராகவோ பிறந்து, காம்பு திருகி, எல்லாம் ஒரே தளத்தில் படுத்துக்கொள்ளும்.

கூம்பு எங்கே என்றால், ஆண் மரத்தில் மகரந்தக் கூம்புகள் இருக்கின்றன. சிறிதாக, கொத்தாக வரும். பெண் மரம் வேறு. அதில் கூம்பு என்று சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. செதில்களெல்லாம் சுருங்கிப்போய், ஒற்றை விதை மட்டும் காம்பின் நுனியில் உருண்டையாக நிற்கும். அந்த விதையைச் சுற்றிச் சதைப்பற்றான உறை ஒன்று வளரும். எபிமேட்டியம் என்று பெயர். அதனால் பார்ப்பதற்குப் பழம் மாதிரி இருக்கும். ஆனால் சூலகம் இல்லாத இடத்தில் பழம் எப்படி வரும்? அது விதைதான். நகேயா வாலிச்சியானாவில் விதைக்குக் கீழே உள்ள தண்டும் பருத்துச் சதையாகிவிடும். ஜப்பானிய நகேயா நகியில் அது பருக்காமல் மெலிந்தே இருக்கும். சிற்றினங்களைப் பிரிக்க இந்த வேறுபாடு இன்றும் உதவுகிறது.

‘நகேயா’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் இந்த மரத்துக்கு ‘நகி’ என்று பெயர். ஷின்டோ கோயில்களில் வளர்க்கும் மரம். நாரா நகரின் கசுகா கோயிலை ஒட்டி நகி மரங்கள் அடர்ந்த காடே இருக்கிறது. தாவரப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான ஸ்வீடன் நாட்டு கார்ல் பீட்டர் துன்பெர்க் 1775–76இல் ஜப்பானில் இருந்தார். ஊர் திரும்பிய பின் 1784இல் வெளியிட்ட ஜப்பான் தாவர நூலில் இதற்கு மிரிகா நகி என்று பெயர் வைத்தார். மிரிகா என்பது பூக்கும் தாவரப் பேரினம். கூம்புத்தாவரத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அகன்ற இலை அவரையும் ஏமாற்றியிருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1788இல், ஜெர்மானியரான யோசப் கெர்ட்னர் கனிகளையும் விதைகளையும் மட்டுமே ஆராய்ந்து எழுதிய பெருநூலின் முதல் பகுதியில் இதைத் தனிப் பேரினமாக்கினார். ‘நகி’யை லத்தீன் வடிவுக்கு நீட்டி ‘நகேயா’ ஆக்கியவர் அவர்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிற்றினப் பெயரையும் மாற்றி ‘நகேயா ஜப்போனிகா’ என்றார். துன்பெர்க் ஏற்கெனவே ‘நகி’ என்று வைத்திருக்கும்போது அதை விட்டுப் புதிதாக வைப்பது இன்றைய விதிப்படி செல்லாது. ஆகவே இன்று அது நகேயா நகி. பேரினப் பெயரையே அச்சு மாறாமல் சிற்றினத்துக்கும் வைக்க விலங்கியலில் அனுமதி உண்டு, தாவரவியலில் இல்லை. நகேயா நகி மயிரிழையில் தப்பித்த பெயர்.

நாகம், நாகலிங்கம், நாகாலாந்து – இவற்றோடு தொடர்பு உண்டா?

இல்லை. ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

மருந்து நூல்களில் ‘மிரிகா நகி’ என்று காய்பல் மரத்தைச் சொல்கிறார்களே?

ஆயுர்வேதம் கட்பலம் என்றும் வடநாட்டார் காய்பல் என்றும் சொல்லும் மரம் இமயமலைப் பக்கத்தில் வளர்கிறது. அது நிஜமான மிரிகா. சரியான பெயர் மிரிகா எஸ்குலென்டா. 19ஆம் நூற்றாண்டின் இந்தியத் தாவர நூல்கள் துன்பெர்க்கின் பெயரை எடுத்து இந்த மரத்தின் மேல் தவறாக ஒட்டிவிட்டன. அந்த ஒட்டு இன்னும் உரியவில்லை. இப்போதும் மருந்துச் சரக்குப் பட்டியல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் காய்பல் பட்டைக்கு நேரே ‘மிரிகா நகி’ என்று போடுகிறார்கள். பெயர்ச் சட்டப்படி அந்தப் பெயர் சுட்டுவது ஜப்பானியக் கூம்பு மரத்தை. பட்டை வாங்குகிறவர் இதை நினைத்துப் பயப்பட வேண்டாம், கடைக்காரர் கொடுப்பது காய்பல்தான். ஆனால் கட்டுரை எழுதுகிறவர்கள் கொஞ்சம் பயப்படலாம்.

நகேயா என்ற பெயரை வேறு மரத்துக்கும் வைத்தார்களா?

வைத்தார்கள். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் வில்லியம் ராக்ஸ்பர்க், நம் புத்திரஞ்சீவி மரத்தை ‘நகேயா புத்ரஞ்சீவா’ என்று எழுதினார். அது பூக்கும் தாவரம். கொட்டையை மாலையாகக் கோத்துப் பிள்ளைகளுக்குப் போடுவார்களே, அந்த மரம். பின்னால் அதே பூங்காவுக்குப் பொறுப்பாளராக இருந்த டென்மார்க்காரர் நதானியேல் வாலிச் அதைப் பிரித்து, புத்ரஞ்சீவா ராக்ஸ்பர்கியை என்று ராக்ஸ்பர்க் பெயராலேயே அழைத்தார். பழைய நூலில் ‘நகேயா’ என்று பார்த்தவுடன் கூம்புத்தாவரம் என்று முடிவு கட்டக் கூடாது. யார் வைத்த பெயர் என்று பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கத்தைப் பாருங்கள்.

அப்படியானால் பெரும்பாலான பழைய நூல்களில் ஏன் ‘போடோகார்பஸ்’ என்று இருக்கிறது?

1807இல் தாவரவியலாளர் பெர்சூன் வெளியிட்ட பெயர் போடோகார்பஸ். ‘காலுள்ள கனி’ என்று கிரேக்கத்தில் பொருள்; விதைக்குக் கீழே பருத்து நிற்கும் தண்டைத்தான் கால் என்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்தின் மரங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு பேரினத்துக்குள் போட்டு அடைத்தார்கள். நகேயாவும் உள்ளே போனது. தாவரவியலாளர் எண்ட்லிகர் 1847இல் அதை போடோகார்பஸுக்குள் ஒரு பிரிவாக மட்டும் வைத்தார்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் வருகிறது. இரண்டு பேரினங்களை ஒன்றாக்கினால் முந்திய பெயர்தான் நிற்க வேண்டும். 1788, 1807ஐ விட முந்தியது. எனவே முறைப்படி போடோகார்பஸ் முழுவதும் நகேயா ஆகியிருக்க வேண்டும். ஜெர்மானியரான ஓட்டோ குன்ட்சே 1891இல் அதைத்தான் செய்தார். முன்னுரிமை விதியைக் கறாராகப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான தாவரப் பெயர்களை மாற்றி, அந்தக் காலத்துத் தாவரவியலாளர்கள் பலருடைய கோபத்தைச் சம்பாதித்தவர் அவர். தர்க்கத்தில் அவரிடம் குற்றம் காண்பது கஷ்டம். ஆனால் உலகமெங்கும் பழகிப்போன பெயர்களை ஒரே புத்தகத்தில் தூக்கிப் போட்டால் யார் பொறுப்பார்கள்? 1905இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு, பழகிய சில பேரினப் பெயர்களை முன்னுரிமை விதியிலிருந்து காப்பாற்றும் முறையை ஏற்றுக்கொண்டது. பாதுகாக்கப்பட்ட பெயர்கள் என்று அவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. போடோகார்பஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு எதிராக ஒதுக்கப்பட்ட பெயராக நகேயா இருக்கிறது.

ஒதுக்கப்பட்ட பெயர் என்றால் நகேயா என்று எழுதுவதே தவறில்லையா?

தவறில்லை. பலரும் இடறி விழும் இடம் இது. ஒதுக்கல் நிபந்தனையோடு கூடியது: இரண்டும் ஒரே பேரினம் என்று கருதுகிறவருக்கு மட்டுமே அது பொருந்தும். அவர் போடோகார்பஸ் என்றுதான் எழுத வேண்டும். இரண்டும் தனித்தனிப் பேரினம் என்று கருதுகிறவருக்கு நகேயா முழு உயிரோடு இருக்கிற பெயர். பெயர் எது என்பதைச் சட்டம் சொல்லும். மரங்கள் ஒன்றா இரண்டா என்பதைச் சட்டம் சொல்லாது, அதைத் தாவரவியலாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பெயர்க் குழப்பம் என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

நம் மலை மரம் ‘போடோகார்பஸ் லாட்டிஃபோலியஸ்’ என்று கேள்விப்பட்டேன். அது தென்னாப்பிரிக்காவின் தேசிய மரம் இல்லையா?

ஆமாம், அதுதான் பிரச்சினையே. 1830இல் வாலிச் இந்திய மரத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். ‘அகன்ற இலை’ என்று பொருள், பொருத்தமான பெயர்தான். ஆனால் 1825இலேயே தென்னாப்பிரிக்க மஞ்சள்மரத்துக்கு அதே பெயர் வைக்கப்பட்டிருந்தது. அந்த மரத்தை முதலில் விவரித்தவர் யார் தெரியுமா? ஜப்பானுக்குப் போகும் முன் கேப் பகுதியில் மூன்று ஆண்டு செடி சேகரித்த அதே துன்பெர்க். ஒரே பெயரை இரண்டு மரத்துக்கு வைத்தால் பிந்தியது செல்லாது. வாலிச்சின் பெயர் பிறந்தபோதே செல்லாப் பெயர்.

அதைக் கவனித்து, பிராகாவின் தாவரவியலாளர் பிரெஸ்ல் 1840களில் இந்திய மரத்துக்கு ‘போடோகார்பஸ் வாலிச்சியானஸ்’ என்று புதுப் பெயர் கொடுத்தார். ஆனாலும் இந்தியாவில் பழைய பெயர் எளிதில் போகவில்லை. சென்னை மாகாணத்து வன அதிகாரி பெட்டோம், ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல் என்று வரிசையாக எல்லோரும் லாட்டிஃபோலியா என்றே எழுதிக்கொண்டு போனார்கள். ஆகவே திருநெல்வேலி மலைகளைப் பற்றிய பழைய பதிவில் இந்தப் பெயரைக் கண்டால், யாரோ ஆப்பிரிக்க மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் நகேயாதான் அது.

லாட்டிஃபோலியா, லாட்டிஃபோலியஸ், வாலிச்சியானா, வாலிச்சியானஸ் – எது சரி?

பேரினப் பெயரின் பாலைப் பொறுத்தது. ‘கார்பஸ்’ என்று முடியும் பெயர்கள் ஆண்பால் என்று இன்றைய விதி சொல்கிறது. அதனால் போடோகார்பஸ் வாலிச்சியானஸ். நகேயா பெண்பால், அதனால் வாலிச்சியானா. மரம் என்றாலே லத்தீனில் பெண்பால் என்ற பழைய வழக்கத்தில் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் போடோகார்பஸ் லாட்டிஃபோலியா என்றார்கள்.

‘நகேயா வாலிச்சியானா (சி.பிரெஸ்ல்) குன்ட்சே’ – அடைப்புக்குறி எதற்கு?

அடைப்புக்குள் இருப்பவர் சிற்றினப் பெயரை முதலில் வைத்தவர். வெளியே இருப்பவர் அதை இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர். 1891இல் எல்லாவற்றையும் மொத்தமாக நகேயாவுக்கு மாற்றினாரே குன்ட்சே, அந்த மாற்றம் அப்போது எடுபடவில்லை. நூறு ஆண்டு கழித்து நகேயா தனிப் பேரினமாகத் திரும்பியபோது அவர் வைத்த பெயர் தயாராகக் காத்திருந்தது. எதிர்த்தவர்கள் காலத்தில் கிடைக்காத மரியாதை இப்படிக் குறுக்கு வழியில் வந்து சேர்ந்தது. எனக்குப் பிடித்த திருப்பம் இது.

‘டெகுசோகார்பஸ்’ என்றும் ஒரு பெயர் பார்த்தேனே?

அமெரிக்கரான டேவிட் டி லாபென்ஃபெல்ஸ் 1969இல் வைத்தது. போடோகார்பஸ் என்ற பெருங்கூடைக்குள் எதிரெதிர் இலை போக்கு உள்ள மரங்கள் ஒரு தனிக் குழு என்று அவர் கண்டார். ஆசியாவின் நகேயா, ஆப்பிரிக்காவின் சில மரங்கள், பிஜி, நியூகலிடோனியா, தென் அமெரிக்கா பக்கத்து மரங்கள் – இந்த மூன்று கூட்டத்தையும் சேர்த்து டெகுசோகார்பஸ் என்றார். நம் மரம் டெகுசோகார்பஸ் வாலிச்சியானஸ் ஆனது. 1970, 80களின் இந்திய நூல்கள் சிலவற்றில் இந்தப் பெயர் இருக்கும்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நகி மரமும் இருந்ததே. போடோகார்பஸிலிருந்து அதை வெளியே எடுத்த நிமிடமே நகேயா என்ற 1788ஆம் ஆண்டுப் பெயருக்கு உயிர் வந்துவிடுகிறது. அது இருக்கப் புதுப் பெயர் வைத்தது விதிப்படி செல்லாது. 1987இல் டி லாபென்ஃபெல்ஸே நகேயாவைத் தனிப் பேரினமாகத் திருத்தி எழுதினார். மற்ற இரண்டு கூட்டத்துக்கும் எடின்பரோவின் கிறிஸ்டோபர் பேஜ் தனிப் பேரினங்கள் அமைத்தார்: ஆப்பிரிக்க மரங்கள் ஆஃப்ரோகார்பஸ், மற்றவை ரெட்ரோஃபில்லம்.

டிஎன்ஏ ஆய்வு வந்த பிறகு என்ன ஆயிற்று?

ஒரு வேடிக்கை நடந்தது. நகேயா, ஆஃப்ரோகார்பஸ், ரெட்ரோஃபில்லம் மூன்றும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு, போடோகார்பஸ் அவற்றுக்குப் பக்கத்து உறவு என்று ஆய்வுகள் காட்டின. அதாவது 1969இல் வைத்த பெயர் செல்லாது, ஆனால் கண்ட குழு சரி. பெயர் தோற்று, பார்வை ஜெயித்த கதை.

இனி மூன்றாக வைப்பதா, ஒன்றாகச் சேர்ப்பதா என்பது விருப்பம் சார்ந்த முடிவு. உறவு மரம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இன்றைய வழக்கம் மூன்றாக வைப்பது. ஆப்பிரிக்க மரங்களில் இலை குறுகல், ஒற்றை நரம்பு. நகேயாவில் அகன்ற இலை, பல நரம்பு. கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம் என்பதால் மூன்றாக வைப்பதே வசதி என்று எனக்கும் படுகிறது. யாராவது நாளை சேர்த்தால், மூத்த பெயர் என்ற முறையில் எல்லாமே நகேயா ஆகும். ஆப்பிரிக்காவின் ஆஃப்ரோகார்பஸ் ஃபால்கேட்டஸ் உட்பட. ஒரே மரத்துக்கு வைத்த பல பெயர்களைத் தொகுத்த பழைய இணைப்பெயர்ப் பட்டியல்களில் நகேயா ஃபால்கேட்டா என்று ஒரு பெயர் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது.

நகேயாவுக்குத் தனிக் குடும்பமே உண்டு என்கிறார்களே?

சீனத் தாவரவியலாளர் ஃபூ தெஷி 1992இல் நகேயேசி என்ற குடும்பத்தை முன்வைத்தார். பல நரம்பு இலை போன்றவை அவ்வளவு வித்தியாசமானவை என்பது அவர் வாதம். ஆனால் மேலே சொன்ன உறவு நிலைப்படி நகேயா போடோகார்பேசிக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை மட்டும் பிடுங்கித் தனிக் குடும்பமாக்கினால் மிச்சக் குடும்பம் ஓட்டையாகிவிடும். ஆகவே யாரும் பெரிதாகப் பின்பற்றவில்லை.

இத்தனை முறை பெயர் மாறினால் மரம் மாறியதாக அர்த்தமா?

நிலம் அதே நிலம், பட்டாவில்தான் பெயர் மாறுகிறது. 1830இல் வாலிச் படத்தோடு வெளியிட்ட மரமும் இன்று நகேயா வாலிச்சியானா என்பதும் ஒரே சிற்றினம்.

அகாதிஸ், நீட்டம் இவற்றோடு குழம்பாமல் எப்படி அடையாளம் காண்பது?

அகாதிஸ் என்ற கூம்புத்தாவரம் நிஜமாகவே ஏமாற்றும். இலை அச்சு அசல் இதே மாதிரி: அகலம், பல இணை நரம்பு, நடு நரம்பு இல்லை. டி லாபென்ஃபெல்ஸ் நகேயாக்களை வைத்த பிரிவுக்கே ‘டம்மராய்டஸ்’ என்று பெயர். அகாதிஸின் பழைய பெயர் டம்மரா. இந்தியாவில் அகாதிஸ் பூங்காக்களில் நட்ட மரம் மட்டுமே, காட்டில் இயற்கையாக இல்லை. காய்க்கிற காலமென்றால் சந்தேகமே வராது: அகாதிஸில் பந்து போன்ற பெரிய மரக்கூம்பு, நகேயாவில் ஒற்றை விதை.

நீட்டம் நம் மலைக்காட்டில் கொடியாக ஏறும். அகன்ற இலையும் பழம் போன்ற விதையும் உண்டு. அதன் இலையில் நடு நரம்பும் வலைப்பின்னலும் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்தால் போதும்.

தமிழில் என்ன பெயர்?

வனத்துறை நூல்களில் நரம்பாலி, நிரம்பாலி என்ற பெயர்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பதிவாகியிருக்கின்றன. ஆங்கில எழுத்தில் குறித்தவை என்பதால் நூலுக்கு நூல் எழுத்துக்கூட்டல் மாறும். மலையில் வாழும் காணி மக்களிடமோ வேட்டைத் தடுப்புக் காவலர்களிடமோ இலையைக் காட்டிக் கேட்பதுதான் உருப்படியான வழி.

பெயர்ப்பலகையில், ஆய்வேட்டில் எந்தப் பெயரைப் போடுவது? பழைய பதிவுகளை எப்படித் தேடுவது?

பலகையில்: நகேயா வாலிச்சியானா, குடும்பம் போடோகார்பேசி. ஆய்வேட்டில் முதல் இடத்தில் மட்டும் ‘(சி.பிரெஸ்ல்) குன்ட்சே’ சேர்த்தால் போதும், பக்கத்துக்குப் பக்கம் வேண்டாம். தேடும்போது மட்டும் சோம்பல் படக் கூடாது. உலர்த்திய செடிகளைச் சேமிக்கும் ஹெர்பேரியத்தில், செடி ஒட்டிய தாள்கள் அவை ஒட்டப்பட்ட காலத்துப் பெயரிலேயே கிடக்கலாம். போடோகார்பஸ் லாட்டிஃபோலியஸ் (பின்னால் ‘வால்.’ என்று வாலிச்சின் சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்), லாட்டிஃபோலியா, போடோகார்பஸ் வாலிச்சியானஸ், டெகுசோகார்பஸ் வாலிச்சியானஸ், நகேயா வாலிச்சியானா – ஐந்தையும் தட்டுங்கள். ‘போடோகார்பஸ் நெரிஃபோலியஸ்’ என்று வந்தால் அதைச் சேர்க்க வேண்டாம். அது வடகிழக்கிலும் அந்தமானிலும் வளரும் வேறு மரம்; இலையில் நடு நரம்பு இருக்கும், இன்றும் அது போடோகார்பஸ்தான்.